டீச்சர் தந்த நாலடி

என் தொழிலே மூடி திறந்து பார்ப்பதுதான். கடதாசியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று எழுதுவார்கள். எங்கள் கரையோரத்தில் அவ்வளவு நீட்டிச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை; பி.எச்.ஐ. என்றால் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். என் பிரிவுக்குள் எத்தனை சாப்பாட்டுக் கடை உண்டோ அத்தனை அடுப்படிக்குள்ளும் தலையை நீட்டியிருக்கிறேன். “இண்டைக்கு விடியச் சுபஹுக்குப் பிறகு அறுத்த கோழி சேர்” என்று கடைக்காரர் சிரித்தால், நான் முதலில் திறப்பது குளிர்பெட்டியின் அடித்தட்டைத்தான். சிரிப்பு எவ்வளவு பெரிதோ கோழியும் அவ்வளவு பழசு என்பது நான் கண்ட அனுபவம்.

பதினான்கு வருடம் இப்படிப் பழகினால் அந்தப் புத்தி சீருடையோடு கழன்று போகாது. கல்யாண வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் கை வைக்குமுன் புரியாணியை மணந்து பார்ப்பேன்; என்னோடு அந்தச் சஹனைச் சுற்றி இருக்கிறவர்களும் பயந்துபோய் மணந்து பார்ப்பார்கள். யாராவது சும்மா சுகம் விசாரித்தால்கூட, இவருக்கு என்ன காரியம் ஆகவேண்டும் என்று மனசு கேட்கும். இதை இப்போது பெருமையாகச் சொல்லவில்லை. அந்த நாளில் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். மூன்று வயது வரை ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தவள். மூன்றரையில் திக்கத் தொடங்கியது. முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வாள். “வா... வா... வா...” என்று நிற்பாள், கண்ணை இறுக்கி மூடுவாள், காலால் நிலத்தை உதைப்பாள், கழுத்து நரம்பு புடைக்கும். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் நல்ல மாதிரி. பொறுமையாக இருங்கள், மாதம் ஒருமுறை கூட்டி வாருங்கள் என்றார். கூட்டிப் போனோம். கொஞ்சம் குறையும், பிறகு கூடும்.

வரப்போகும் தை மாதம் முதலாம் ஆண்டுக்குப் போகவேண்டும். எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். எங்கள் ஊரில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்தால் அது கபுறுக் குழி வரைக்கும் கூட வரும். என் வகுப்பில் திக்கிக் கதைக்கும் ஒருவர் இருந்தார். இன்று கல்முனையில் சொந்தக் கடை, இரண்டு வாகனம், மகன் வைத்தியபீடத்தில். ஆனால் ஊர் இன்னும் அவருடைய பெயருக்கு முன்னால் ‘கொன்னை’ போட்டுத்தான் சொல்கிறது. என் மகள் வகுப்பில் வாய் திறக்கும் முதல் நாளே அந்தச் சொல் அவள்மேல் விழுந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நினைக்க நினைக்க யார்மேல் என்றில்லாமல் கோபம் வந்தது.

அவளைச் சேர்த்திருந்த பாலர் பாடசாலை எங்கள் வீட்டிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி. ஊர்க் கமிட்டி ஒன்று நடத்துகிறது. ஒரு நீள அறை, தகரக் கூரை, முன்னால் மணல் வளவு. டீச்சர் மருதமுனையிலிருந்து பஸ்ஸில் வருவார். முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் சிரிக்க மாட்டார், அதனாலேயே முதலில் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பிறகு ஊர்க்கதை ஒன்று காதில் விழுந்தது. “அங்க படிப்பு ஒண்டும் இல்ல. பாட்டும் தாளமும்தான்.”

இந்த மாதிரிச் சொற்களை எங்கள் பக்கத்தில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். பள்ளிவாசலில் அழகாக ஓதுகிறவரைப் பற்றி ‘என்ன ராகம்’ என்று உருகுவார்கள். கல்யாண ஊர்வலத்தில் பொல்லடிக்காரர்கள் கம்போடு கம்பை அடித்துச் சுற்றி வந்தால் ஹாஜிமார்கூடக் கதிரைக் கையில் விரலால் தட்டுவார்கள். அதையே ‘இசை’ என்று சொல்லிப் பாருங்கள், அந்த விரல் நின்றுவிடும். மார்க்கச் சட்டம் பேசும் அளவுக்கு எனக்கு அறிவில்லை. என் சந்தேகம் வேறு. நான்கு வயதுப் பிள்ளைக்குப் பாட்டுப் படிப்பிப்பது என்பது வேலை செய்யாமல் சம்பளம் எடுக்கும் வழி என்று நினைத்தேன். அ, ஆ எழுதிக் கொடுத்தால் கொப்பியில் கிடக்கும், விரித்துப் பார்க்கலாம். பாட்டை எந்தக் கொப்பியில் பார்ப்பது?

ஒன்றைக் கவனித்திருந்தேன். பின்னேரத்தில் மெட்டுப் போட்டுக்கொண்டு வரும், பாண், பணிஸ் விற்கும் ஆட்டோ எங்கள் ஒழுங்கையைத் தாண்டிப் போனபிறகும் மகள் அந்த மெட்டை வாய்க்குள் பாடிக்கொண்டிருப்பாள். ஓர் இடத்திலும் தடக்காது. கவனித்தேன், ஆனால் அதிலிருந்து ஒன்றும் விளங்கிக்கொள்ளவில்லை. பழுதானதைக் கண்டுபிடிக்கப் பழகிய கண்ணுக்கு நல்லது எப்படித் தெரியும்?

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். மகள் கழுவிவிடச் சொல்லிக் கையை என் முன்னால் நீட்டினாள். இரண்டு உள்ளங்கையும் சிவந்திருந்தன.

“என்ன மகள் இது?”

“டீ... டீச்சர் நா... நா... நாலடி தந்த.”

“என்னத்துக்கு?”

“க... கதைக்க ஏலாட்டி நா... நாலடி. நா... நாளைக்கு எ... எட்டடி தாறாம்.”

பிள்ளை திக்குகிறாள் என்று கையில் நாலு அடி. நாளைக்கு எட்டு. அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பைப் பற்றி என் அபிப்பிராயத்தை முன்பே சொல்லிவிட்டேன்.

மனைவி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். “புள்ள சிரிக்கிறா. நீங்க எதுக்கு மூஞ்ச இப்பிடி வெச்சிரிக்கீங்க? டீச்சர்ட்டக் கேட்டாத் தெரியும்தானே.”

“கேட்டா ஓம் எண்டு சொல்லுவாவா? இறைச்சி பழசா எண்டு கேட்டு எந்தக் கடைக்காரன் எனக்கு ஓம் சொன்னவன்?”

“டீச்சர் என்ன, இறைச்சிக் கடையா வெச்சிரிக்கா?” என்று கேட்டுவிட்டு அவள் கறியை என் பக்கம் தள்ளினாள்.

அடுத்த நாள் பத்து மணிபோல பாடசாலை வேலிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. டக், டக், டக், டக். நாலு. பிறகு ஒரு பிள்ளையின் குரல், என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. மறுபடியும் டக், டக், டக், டக். அடுத்த பிள்ளை. வரிசையாக, ஒருவரையும் விடாமல். நடுவில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். என் மகளைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நானே முடிவு செய்தேன். கடப்படி திறந்துதான் கிடந்தது. நடந்து உள்ளே போயிருக்கலாம். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்ற வெறி எனக்கு. அதற்கு வேறு வழி இருந்தது.

மாரி தொடங்கியிருந்தது. டெங்குக் காலத்தில் எந்த வளவுக்குள்ளும் நாங்கள் போகலாம், எந்தச் சட்டியையும் கவிழ்த்துப் பார்க்கலாம். வியாழக்கிழமை மத்தியானம், பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போனபிறகு, சீருடையோடு, கையில் டோர்ச்சோடு உள்ளே நுழைந்தேன். டீச்சர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“டெங்குப் பரிசோதனை” என்றேன்.

“பாருங்க சேர்.”

கூரை ஓரம், பூச்சட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்தேன். நான் தேடியது அங்கே இல்லை. கதவுக்குப் பின்னால் ஒரு சாக்கு நின்றது. வாயை அவிழ்த்தேன். நிறையச் சிரட்டை.

“என்னத்துக்கு டீச்சர் இவ்வளவு?”

“புள்ளைகளுக்கு அடி குடுக்க சேர்” என்றார், மிகச் சாதாரணமாக. “இந்த வயசில குடுக்கிற அடிதான் உள்ளுக்குப் போகும். பிந்தினாப் பதியாது.”

நான் ஐந்தாம் ஆண்டில் கணக்குப் பிழைத்ததற்காகக் கவிழ்த்துப் போட்ட சிரட்டையில் முழங்காலில் நின்றவன். அந்த வலி முப்பது வருடம் கழித்து என் முட்டிக்குள் திரும்பி வந்தது. ஒரு மனுசி குற்றத்தை இவ்வளவு பச்சையாக ஒப்புக்கொள்வதை நான் பார்த்ததே இல்லை. அந்த இடத்தில் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். கேட்கவில்லை. ‘என்ட புள்ளைக்கு அடிச்சீங்களா’ என்று கேட்டால் நான் தகப்பன். தகப்பன் என்றால் குரல் உடையும், கண் கலங்கும். பரிசோதகருக்கு அந்தத் தொல்லை இல்லை, அவர் கையில் நோட்டீஸ் புத்தகம் இருக்கிறது.

வெளியே தாழ்வாரத்தின் கீழ் மூன்று சிரட்டை மழையில் கிடந்தன. ஒன்றில் தண்ணீர். டோர்ச் அடித்தேன். நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. அல்லாஹ்வே எனக்காகக் காட்டித் தந்தான் என்று நினைத்தேன், அந்த நினைப்புக்கு மன்னிப்புக் கேட்டுத் தவ்பாச் செய்கிறேன்.

“நுளம்பு பெருகுற இடம். எல்லாச் சிரட்டையும் அகற்றணும்.”

“சேர், வெளிய கிடந்த மூணும் என்ட பிழைதான். புள்ளைகள் விட்டுட்டுப் போயிருக்கும், நான் பாக்கல்ல. சாக்கில உள்ளது காஞ்சது சேர். விளிம்பெல்லாம் உரசி எண்ணெய் பூசி வெச்சது.”

விளிம்பு உரசி, எண்ணெய் பூசி! என் சந்தேகம் இன்னும் இறுகியது. குப்பை அள்ளும் உழவு இயந்திரத்தைக் கூப்பிட்டுச் சாக்கோடு ஏற்றினேன்.

“புள்ளைகள் கேப்பாங்க சேர்” என்றார் டீச்சர்.

“கேக்கட்டும்” என்றேன்.

பின்னேரம் தேநீர்க் கடையில் மனைவியின் தம்பியிடம் சொன்னேன், டீச்சர் பிள்ளைகளுக்கு அடிக்கிறா, சாமானைக்கூட என் கண்ணால் கண்டேன் என்று. ஒருவரிடம்தான் சொன்னேன். இஷாத் தொழுகைக்கு முன்னால் அது எல்லாருடைய கைபேசியிலும் வந்துவிட்டது. அடுத்த நாள் பாதிப் பிள்ளைகள் பாடசாலைக்கு வரவில்லை. கமிட்டிச் செயலாளர் போய், கூட்டம் வைத்து விசாரிக்கும்வரை அறைக்குள் ஒரு சத்தமும் கேட்கக் கூடாது, எழுத்து மட்டும் எழுதுங்கள் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். நெஞ்சு நிறைந்துதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு கிழமையை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மகளின் கை சிவக்கவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. முன்பு “வா... வா...” என்றாவது முயற்சி செய்வாள். இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் கோப்பையைக் காட்டுவாள், பசி என்றால் அடுப்படியைக் காட்டுவாள். “பாத்தியா, பயத்தில புள்ளைக்கு வாயடைச்சுப் போச்சு” என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். மகள் சோற்றைத் தொடாமல் இருந்தாள். “என்ன கிளி, சொல்லுங்க” என்றாள் அவள் உம்மா. வாயைத் திறந்தாள், மாட்டியது, கண்ணை மூடினாள். பிறகு திடீரென்று என் இடது கையை இழுத்து மேசையில் மல்லாத்தி வைத்தாள். என் உள்ளங்கையில் தன் கையால் அடித்தாள். ஓர் அடிக்கு ஒரு துண்டு.

“டீச்-சர்-பா-வம்.”

நான் சாப்பாட்டை விட்டுவிட்டு அவள் வாயையே பார்த்தேன். கண் மூடவில்லை. கால் உதைக்கவில்லை. கழுத்தில் நரம்பு தெரியவில்லை.

“என்ன சொன்ன மகள்?”

“டீச்-சர்-பா-வம்” என்று மறுபடியும் அடித்தாள். பிறகு, நான் ஏதும் விளங்காதவன் என்று கண்டு, பொறுமையாகச் சொல்லித் தந்தாள். “இ-து-நா-லடி.”

மனைவி அழத் தொடங்கிவிட்டாள். “டீச்சருக்கு என்ன மகள்? ஏன் பாவம்?”

இந்த முறை அடி கூடியது, எட்டு. “சி-ரட்-டை-ஒ-ராள்-எ-டுத்-த.”

“ஆரு எடுத்த?”

“தெ-ரி-யா-து.”

மனைவிக்குத் தெரியும் யார் என்று. மகளின் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள், நான் சோற்றைப் பார்த்தேன். நாலடி என்றால் நாலு தாளம். கதைக்க ஏலாவிட்டால் நாலு தாளம் போட்டுக் கதை. அந்தப் பிள்ளை முதல் நாளே என்னிடம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். பொல்லடி, பொல்லடி என்று பிறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்த எனக்கு, அடி என்றதும் பிரம்புதான் ஞாபகம் வந்திருக்கிறது.

சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை அறையில் கூட்டம். சின்னக் கதிரைகளை ஒதுக்கிவிட்டு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தார்கள். தலைவர் ஒரு நெல் வியாபாரி, ஹாஜியார். பக்கத்தில் செயலாளர், பள்ளிவாசல் மௌலவி, பத்துப் பதினைந்து பெற்றோர். டீச்சர் சுவர் ஓரமாக நின்றார், யாரும் கதிரை கொடுக்கவில்லை.

ஹாஜியார் நல்ல மனசோடுதான் தொடங்கினார். “அடிச்சிரிந்தாலும் பெரிய குத்தமில்ல. நாமெல்லாம் அடி வாங்கித்தான் படிச்ச. இனி அடிக்க மாட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க டீச்சர், முடிப்பம்.”

“நான் ஒரு புள்ளைக்கும் கை வெச்சதில்ல ஹாஜியார். செய்யாதத எப்பிடி இனிச் செய்ய மாட்டன் எண்டு சொல்ற?”

நான் எழும்பினேன். “பிழை என்னில” என்றேன். “டீச்சர் அடிக்கல்ல. அடி எண்டது தாள அடி. சிரட்டையில தாளம் தட்டப் பழக்கியிரிக்கா. நான் விசாரிக்காமச் சொல்லிட்டன்.”

இதோடு டீச்சருக்கு விடுதலை என்று நினைத்தேன். அறைக்குள் பார்த்தால், பிள்ளைக்கு அடித்தா என்றபோது சுழிக்காத முகமெல்லாம் இப்போதுதான் சுழித்தது.

“தாளமா?” என்றார் செயலாளர். “அப்ப அந்தக் கதை மெய்தான்.”

மௌலவி குறுக்கிட்டார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லாரும் பார்த்தோம், நானும் பயந்துதான் பார்த்தேன். “சிரட்டையில நான் பிழை காணல்ல. எங்கட பொல்லடியும் இதுதானே. நிறுத்த வேண்டிய இடத்தில நிறுத்தப் பழகின புள்ளைக்கு ஓதிக் குடுக்க எங்களுக்கும் லேசு.”

“நீங்க சொல்லிட்டுப் போயிருவீங்க மௌலவி. பேஸ்புக்கில போடுற என்ட பேரத்தான்” என்றார் செயலாளர்.

பின்னால் இருந்த தாய் ஒருவர், “அந்தக் கதையெல்லாம் எங்களுக்கு எதுக்கு? அங்கால பாலர் பாடசாலையில இதே வயசுப் புள்ளைகள் இங்கிலீஸ் எழுத்து முழுக்க எழுதுதுகள். இஞ்ச சிரட்டை தட்டுதுகள்” என்றார். ஒரு மாதத்துக்கு முன்னால் நான் சொல்லியிருக்கக்கூடிய வசனம் அது, எழுத்துப் பிசகாமல்.

அப்போது எனக்கு ஒரு கெட்டித்தனம் தோன்றியது. “இத இசை எண்டு பாக்காதீங்க” என்றேன். “இது பேச்சுப் பயிற்சி. மருத்துவம். நான் சுகாதாரத்துறை ஆள், பொறுப்பெடுத்துச் சொல்றன். என்ட மகள் இதால கதைக்கிறா.”

ஹாஜியாருக்கு முகம் மலர்ந்தது. “மருந்து எண்டா வேற கதை. அப்ப சரி. திக்குற புள்ளைக்கு மட்டும் செய்யட்டும், ஒரு மூலைல வெச்சு. மத்தப் புள்ளைகள் எழுதட்டும்.” எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வெற்றி என்றுகூட நினைத்தேன்.

டீச்சர் அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

“ஒங்கட மகள் முதல் ரெண்டு கிழமை வாயே திறக்கல்ல சேர். மத்தப் புள்ளைகள் எல்லாம் சேந்து அடிக்கக்குள்ள, அந்தச் சத்தத்துக்குள்ள ஒளிச்சு ஒளிச்சுத்தான் அவட சொல்லு வெளிய வந்த. சிரட்டை எல்லாருக்கும் காணாது. தன்டத மத்தப் புள்ளைக்குக் குடுத்துட்டு அவ கையத் தட்டுவா, அதான் கை செவந்த. அவவத் தனியா மூலைல இருத்தித் தட்டச் சொன்னா அதுதான் தண்டனை.” பெற்றோர் பக்கம் திரும்பினார். “திக்காத புள்ளைக்கும் இது வேணும். ஒருத்தர் சொல்லி முடிக்குமட்டும் மத்தவர் பொறுத்திரிக்க இந்த வயசில படிக்காட்டி மறுகா எப்ப படிக்கிற?”

டீச்சர் பாடசாலைச் சாவியை ஹாஜியாருக்கு முன்னால் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நான் பின்னால் போகவில்லை. போக முகம் இருக்கவில்லை.

மூன்று நாள் கழித்துத்தான் மருதமுனைக்குப் போனேன். டீச்சர் வாசலில் நிற்கவைத்தே கதைத்தார். மன்னிப்புக் கேட்டேன். “ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் சேர்” என்றார். அதைவிட இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மகளைப் பின்னேரங்களில் கூட்டிவரலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “தனியா ஏலா. அஞ்சு புள்ளையாவது வேணும். சேத்துக்கொண்டு வாங்க” என்றார்.

அதன்பிறகு நான் வீடு வீடாகப் போனேன். யாரிடம் டீச்சர் அடிக்கிறா என்று பரவச் செய்தேனோ அவர்களிடமே போய், அவரிடம் பிள்ளையை அனுப்புங்கள் என்று கேட்டேன். கதவைப் பாதி திறந்துகொண்டு கேட்டார்கள். “ஏன், இதுல ஒங்களுக்கு என்ன?” என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். கொத்து ரொட்டிக் கடைக்காரர் மட்டும் கேட்ட உடனே, “சேர் சொன்னா அனுப்பாம இரிப்பனா” என்று சிரித்தார். அந்தப் பிள்ளை வந்தது விருப்பத்திலா, அடுத்த பரிசோதனைக்குப் பயந்தா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்படிச் சந்தேகப்பட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மௌலவி தன் மகனை அனுப்பினார். அங்கும் இங்குமாக ஐந்து சேர்ந்தது.

முதல் நாள் மற்ற நான்கு பிள்ளைகளும் தாய்மாரோடு ஆட்டோவில் முன்னால் போனார்கள். மகள் என் மோட்டார் சைக்கிளில், எனக்கு முன்னால், பெற்றோல் டாங்கியில் உட்கார்ந்திருந்தாள். கல்முனைச் சந்தியில் நெரிசல். பாண்டிருப்பு வந்ததும் வீதி வெளித்தது. அவள் டாங்கியில் கையை வைத்து அடித்தாள். எட்டடி.

“டீச்-சர்ட-சி-ரட்டை-நீங்-களா-எடுத்-த?”

கூட்டத்துக்குப் பிறகு எந்தப் பிள்ளையோ சொல்லியிருக்கிறது. ஓர் எழுத்தும் தடக்கவில்லை. இப்படி முழுசாக ஒரு வசனம் அவள் வாயிலிருந்து வரவேண்டும் என்று ஒரு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டிருந்தேன். வந்த வசனம் இது. இல்லை என்று சொல்லலாம். ஐந்து வயதுகூட முழுசாக ஆகவில்லை, நம்பிவிடுவாள். காற்றில் கேட்கவில்லை என்றுகூட நடிக்கலாம். வண்டியை மெதுவாக்கினேன்.

“ஓம் மகள்” என்றேன். “நான்தான்.”

அவள் டாங்கியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டீச்சர் வீடு வரைக்கும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, வாய் சும்மா மூடியிருந்தது, கழுத்தில் நரம்பு இல்லை. எந்தச் சொல்லும் அங்கே மாட்டிக்கொண்டு நிற்கவில்லை. என்னோடு கதைக்க அவளுக்கு விருப்பம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.